பெரியப்பா சாவுக்கு வந்த தாளம்

மாப்ள,

பெங்களூரிலிருந்து போன் வந்தது. இசைவிழாவில் நம் இடத்தை வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பாடகன் இல்லாத மெட்டல் இசைக்கு ஒரு பெரிய மேடை கிடைக்கவே நமக்கு ஆறு வருடம் ஆனது. போகட்டும்.

போன மாதப் பேட்டியில், உங்களைப் பாதித்தவர்கள் யார் என்று கேட்டபோது நான் வெளிநாட்டுக் கிட்டார்காரர்களை அடுக்கினேன். நீ சிரித்தாய். "இவன் சொல்றவுகள்லாம் பெறகு வந்தாக. மொதல்ல எங்கப்பா. சாவுக்குப் பறை அடிப்பாரு." உண்மைதான். நீ டிரம்ஸில் வாசிக்கும் அந்த ஏழடித் தாளம் அவருடையது.

நாம் பஸ் ஏறவேண்டிய காலையில் என் பெரியப்பா செத்துப்போனார். கம்பத்திலிருந்து பேண்டு செட்டை வரவழைக்கலாம் என்று அப்பாவிடம் கெஞ்சினேன்.

"அவன் அப்பனுக்கு முடியலன்னா மகன் வந்து அடிக்கட்டும். ஊர் முறைய மாத்த நீ யாருடா?"

வராவிட்டால் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் உன் அம்மாவுக்கு வேலை இல்லை என்று ஆள் அனுப்பியதும் அவர்தான்.

வந்தாய். யாரையும் பார்க்காமல் அடித்தாய். நடுவில் நம் பாட்டுக்கே மாறினாய். என் கிட்டார் தனியாக நுழையும் இடம் வந்ததும் கையை நிறுத்தினாய். நான் பாடைக்கு அருகில் நின்றேன். வேட்டியோரத்தில் என் விரல்கள் மட்டும் அந்த வரியைச் சத்தமில்லாமல் வாசித்தன.

"ஏலே, தூங்கிட்டியா? அடிறா!" என்று என் தம்பி கத்தினான். கூட்டம் சிரித்தது.

நீ முதலிலிருந்து ஆரம்பித்தாய். அந்த இடம் மறுபடி வந்தது. இந்த முறை நீ நிறுத்தவில்லை.

உன் கிட்டார்காரன்