எர்த் போல்ட்டும் என் பசையும்

என் வீட்டுக்காரிக்கு வணக்கம். உன் முட்டிவலி தேவலையா? நான் நலம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நேற்று ஃபோர்மேன் முன்னால் அசடு வழிந்தேன்.

மெஷினின் எர்த் கம்பியைப் பிடிக்கும் போல்ட் அதிர்வில் கழன்றுகொண்டே இருந்தது. மரையில், போல்ட் கழலாமல் பிடிக்கும் பூட்டுப்பசை விட்டு இறுக்கினேன். ஃபோர்மேன் பாய்ந்து வந்தார்.

"யோவ், பசையில கரண்ட் போகாதுய்யா! யாராவது தொட்டா ஷாக்கடிச்சு சாவான்!"

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் மீட்டர் வைத்துப் பார்த்தால் கரண்ட் தாராளமாகப் போகிறது!

"இறுக்கினா இரும்போட இரும்பு ஒட்டிக்கும், அதான்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"அப்போ பசை போடலாமா, கூடாதா?" என்று கேட்டேன்.

இருவரும் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

என் பழைய கண்ணாடியை அனுப்பு. லேபிளைப் படித்துச் சொல்ல நீ பக்கத்தில் இல்லையே. வேன்காரன் ஹாரன் அடிக்கிறான், வருகிறேன்.

பி.கு.: பசை பாட்டில் சீல் உடையாமல் சட்டைப்பையில் இருக்கிறது. போல்ட்டில் விட்டது என் கண் சொட்டு மருந்து.