விறகு மட்டும் சேர்த்து வைத்திருக்கிறேன்

பிலோமினா அப்பாவுக்கு,

தோத்திரம். நானும் பிள்ளையும் சுகம். உங்களுக்குக் கொடுப்பதற்கு முன்பே இதைப் பிரித்துப் படிக்கும் கேம்ப் ஐயாவும் சுகமாக இருக்கட்டும்.

தோட்டத்து லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். செகிஞ்சான் வயலில் அறுவடையாம். லோரி லோரியாக நெல் நம்மைத் தாண்டித்தான் போகிறது. நமக்கோ, ஒரு பிடிகூட மிஞ்சாதபடி அளந்து கொடுக்கிறார்கள். பால் டின்னைக் கடைக்காரர் கடையிலேயே ஓட்டை போட்டுத் தருகிறார். "இன்னிக்கே குடிச்சு முடிச்சிருங்க லா. வச்சிருந்தா காட்டுல இருக்கற கம்யூனிஸ்டுக்குன்னு சொல்வாங்க" என்கிறார்.

எனக்கா சொல்கிறார்.

அடுப்புக்குப் பக்கத்துக் குழியை நானே மண் போட்டு மெழுகிவிட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் நம் பெரியவன் பட்டினியில் போனதிலிருந்து, மண்ணுக்குள் ஒரு டின் அரிசி இருந்தால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும். அதைத் தோண்டி எடுத்து உங்களைக் கொண்டுபோன போலீசிடம் இதைத்தான் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.

பிலோமினா தட்டில் கொஞ்சம் சோறு மிச்சம் வைக்கிறாள். கேட்டால், "அப்பாவுக்கு" என்கிறாள். திட்டிச் சாப்பிட வைக்கிறேன். யாராவது பார்த்தால் அதற்கும் வருவார்கள்.

விறகை மட்டும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் கூரை தொடுகிற அளவுக்கு ரப்பர் விறகு அடுக்கியிருக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அரிசிக் கார்டில் உங்கள் பெயரை அடித்துவிட்டார்கள். ஆகையால், விடுதலை செய்தால் திடீரென்று வந்து நிற்காதீர்கள். முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். அடுப்பைப் பற்ற வைத்துவிடுவேன். உலையில் போடத்தான் ஒன்றும் இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி