கால் பார்க்கும் நாள்

மதினி, உங்க ஊசி டப்பாவை இன்னைக்குக் காலையில நான் திறந்தேன். டெட்டால் வாசம் குப்புன்னு வந்துச்சு. பஞ்சு, வெள்ளை நூல்கண்டு, சேஃப்டி பின்னில் நீங்க கோத்து வச்சிருந்த ஊசிகள், எல்லாம் வச்ச மாதிரியே இருக்கு. நீங்கதான் இல்லை. காசாரா மலை ஏறுறதுக்கு முன்னாடி வருஷா வருஷம் தங்குற அதே கல்யாண மண்டபத்துல இருக்கோம். இன்னைக்கு நடை கிடையாது. நாளைக்கு மலை.

தாராவியிலிருந்து ஷீரடிக்கு நடக்கிற நம்ம கூட்டத்துக்கு இது ஓய்வு நாள். பேர்தான் ஓய்வு, வேலை அன்னைக்குத்தான் ஜாஸ்தி. துணி துவைச்சுக் காயப்போடணும், டெம்போவில் அரிசியும் தண்ணி கேனும் ஏத்தணும், இருக்கிற ஒத்தை பிளக் பாயிண்ட்டுக்கு எல்லார் மொபைலும் வரிசையில நிக்கும். ஆனா கால் பார்த்து முடிக்கிற வரைக்கும் எதையும் நீங்க தொடவிடமாட்டீங்க. எல்லாரும் சுவரோரமா கால் நீட்டி உட்காரணும். ஒவ்வொரு காலையும் மடியில் வாங்கி, கொப்புளத்துக்குள்ள ஊசியை விட்டு, நூலை மட்டும் உள்ளேயே விட்டு நறுக்குவீங்க. நூல் வழியா நீர் கசிஞ்சிரும், தோல் உரியாது. யார் நடக்கணும், யார் டெம்போவில் ஏறணும்னு நீங்க சொல்றதுதான் தீர்ப்பு. "வலிக்குதுன்னு கத்துறவ காலுக்கு ஒண்ணும் ஆகாது. கம்முனு இருக்கவளைத்தான் நான் பாக்கணும்" என்பீங்க. எல்லாரும் எழுந்து போனப்புறம் என் காலை நீங்க பாப்பீங்க, உங்க காலை நான் பாப்பேன். உங்க குதிகால் வெடிப்பைப் பார்த்துச் சிரிச்சா தலையில ஒரு குட்டு விழும்.

இந்த வருஷம் அண்ணன் நடக்கார் மதினி. உங்க வீட்டுக்காரர்தான். குர்லா பட்டறையிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகக்கூட ஆட்டோ கேட்கிற மனுஷன்! அந்தப் பட்டறையிலதானே லேத்திலிருந்து தெறிச்ச இரும்புச் சுருள் அவர் காலைக் கிழிச்சுது. சுகர் வேற. புண் ஆறாம, பாதத்தை எடுக்கணும்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு, கால் போகாம நின்னுட்டா ஏழு வருஷம் நடந்து வாரேன்னு பாபாவுக்கு நேர்ந்தீங்க. கால் நின்னுச்சு. நீங்க ஆறு வருஷம் நடந்தீங்க. போன மழையில காய்ச்சல்னு படுத்தவங்க எந்திரிக்கவே இல்லை. மிச்சமிருக்கிற ஒரு வருஷத்தை நான் நடப்பேன்னு அண்ணன் ஒரே பிடிவாதம். எந்தக் காலுக்காக நீங்க நேர்ந்தீங்களோ, அந்தக் காலை வச்சுக்கிட்டே நடக்க வந்துட்டார். கிளம்பின நாள்லேயிருந்து எனக்குச் சோறு இறங்கலை.

காலையில கொடியைப் பார்த்தேன். நீங்க இல்லாத தைரியத்துல கால் பாக்கிறதுக்கு முன்னாடியே எல்லாரும் துவைச்சுப் போட்டுட்டாங்க. எல்லார் சாக்ஸும் காயுது, அண்ணனோடது இல்லை. குளிச்ச கையோட சாக்ஸை மாட்டிக்கிட்டு, ஒண்ணும் தெரியாதவர் மாதிரி தண்ணி கேனை உருட்டிக்கிட்டு நின்னார். காலைக் காட்டுங்க அண்ணேன்னேன். வலியே இல்லைட்டி, என்னத்தைக் காட்டன்னு சொல்லிட்டு நகர்ந்தார். சுகர்காரங்களுக்கு வலி தெரியாதுன்னு நமக்குத் தெரியாதா? வலிச்சிருந்தா நான் இப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

கெஞ்சினேன், சண்டை போட்டேன், அழக்கூடச் செஞ்சேன். டெம்போவில் ஏறினா நேர்த்திக்கடன் முறிஞ்சிரும், அவ பாதியில விட்டதை நானும் பாதியில விடவான்னு கேட்டார்.

அதுக்கு என்கிட்ட ஒரே ஒரு பதில்தான் இருந்துச்சு. சொல்லாதேன்னு நீங்க என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினது. மூணாவது வருஷம் இதே மண்டபத்துல உங்க முட்டி வீங்கி மடக்க முடியாமப் போச்சே! கூட்டத்துக்கே தீர்ப்பு சொன்னவங்க, உங்களுக்கும் நீங்களே சொல்லிக்கிட்டு டெம்போ முன்சீட்டுல ஏறி மலையைத் தாண்டினீங்க. "உங்க அண்ணன்கிட்ட மூச்சுவிடாதே. நேர்த்திக்கடன் முறிஞ்சுபோச்சுன்னு ராவும் பகலும் காலையே தடவிப் பாத்துக்கிட்டு இருப்பாவ" அப்படின்னீங்க. இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்கலை.

இன்னைக்குத் திறந்துட்டேன். மதினியும் டெம்போவில்தான் மலை ஏறினாங்க, அந்த வருஷமும் உங்க கால் நல்லாத்தானே இருந்துச்சு அண்ணேன்னு கேட்டேன். எங்கே கோபப்படுவாரோ, உங்க மேலே மனசு விட்டுப்போயிருமோன்னு அவர் முகத்தையே பார்த்தேன். அண்ணன் கேனை அப்படியே விட்டுட்டுத் தரையில உட்கார்ந்தார்.

"அவளுக்கு ரொம்ப வலிச்சுதாட்டி?"

அதுக்கப்புறம் அவரே சாக்ஸைக் கழட்டினார். சுண்டுவிரல் இடுக்குல தோல் வெள்ளையா ஊறிப்போய், அடியில் சிவப்பாப் பிளந்திருந்துச்சு. சுகர் காலில் ஊசி படக்கூடாதுங்கிறது உங்க சட்டம். சுத்தத்துணி சுத்தி, டெம்போவிலேயே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் இந்தியில அரைமணி நேரம் திட்டினார். விரல் போகாது, நல்லவேளை இன்னைக்கே வந்தீங்க, இனி கால் தரையில படக்கூடாதுன்னார். நாளைக்கு அண்ணன் முன்சீட்டுல, உங்க சீட்டுல. இருந்தாலும் எனக்குப் பயம் போகலை. அரைமணிக்கு ஒருதரம் கட்டுல ஈரம் தெரியுதான்னு எட்டிப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.

சாயங்காலம் எல்லார் காலையும் பார்த்து முடிச்சு டப்பாவை மூடினேன். பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்திருந்த அண்ணன் கூப்பிட்டார். "எல்லாருக்கும் பாத்தியே, ஒங்காலை யாரு பாக்கா?"

அவர் முன்னாடி உட்கார்ந்து காலை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஊசியைக் கையில வாங்கினார். நூல் கோக்கக் கண்ணு தெரியலை, நானே கோத்துக் கொடுத்தேன். லேத் மிஷின் பிடிச்ச கை, கொப்புளம் எங்கே, நல்ல தோல் எங்கேன்னு தெரியாம இசகுபிசகாக் குத்துச்சு. வலிக்குதா, வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தார்.

வலிக்குதுன்னு சத்தமாவே சொன்னேன் மதினி. உங்களுக்கும் கேட்கட்டும்னுதான்.