கதவு உடைத்த மறுநாள்

14 ஜனவரி 2025, கார்ஹிங், ஜெர்மனி

என் கணினி மாதிரி ஒருவழியாக ஓடியது. பொலிஸ் சோதனைகளை இரட்டிப்பாக்கினால் தீவிரவாதக் குழுக்களில் ஆட்கள் குறைவார்கள் என்கிறது. ஆய்வைக் கேட்ட உள்துறை அமைச்சுக்கு இந்த விடை பிடிக்கும். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. வளைகோடு இவ்வளவு அழகாக இறங்குமா?

19 ஜனவரி

தம்பி அபிராம் சாப்பிட வந்தான். பொலிஸில் சேர்ந்து இரண்டு வருடம். இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"வெள்ளிக்கிழமை பிழையான வீடக்கா. கதவை உடைச்சுக்கொண்டு போறம், ஒரு மனுசி தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிக்கிறா. மகனை நிலத்தில படுக்க வச்சு விலங்கு போட்டம். தேடின ஆள் மேல்மாடி."

"பிறகு?"

"பிறகென்ன, வெளிக்கிட்டு வந்திட்டம்."

அந்த மகன் என் சமன்பாட்டில் எங்கே இருக்கிறான்? எங்குமே இல்லை.

20 ஜனவரி

திட்டத் தலைவர் அனந்தராமன் சாரிடம் சொன்னேன்: பிழையான சோதனையால் வெறுத்துப்போய்க் குழுக்களின் பக்கம் சாய்கிறவர்களையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

"லாஜிக் சரிதான் நிலக்சி. ஆனா டேட்டா எங்க? அது இல்லாம ஈக்வேஷன்ல ஒரு டெர்ம் சேர்த்தா மினிஸ்ட்ரில கிழிச்சுடுவாங்க."

டேட்டாவை நான் எடுக்கிறேன் என்றேன்.

18 பெப்ரவரி

சோதனை விவரங்களைத் தர இரண்டு மாநிலங்கள் மறுத்துவிட்டன. மூன்றாவதற்குத் திரும்பவும் எழுதினேன். விடமாட்டன்.

28 மார்ச்

வந்துவிட்டது! பெயர்கள் நீக்கப்பட்ட சோதனை விவரங்களும், தெருவாரியாகக் குழுக்களில் சேர்ந்தவர்களின் கணக்கும், ஐந்து வருடத்துக்கு.

9 ஏப்ரல்

நான் நினைத்ததில் பாதி பிழை. சோதனைகளை அடியோடு நிறுத்துவதே நல்லது என்று எண்ணியிருந்தேன்; நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. பிடிக்காத விடைதான், ஆனாலும் அறிக்கையில் எழுதுவேன்.

மற்றப் பாதி — சில ஊர்களில் பொலிஸ் மறுநாளே பிழையான வீட்டுக்குத் திரும்பிப்போய், மன்னிப்புக் கேட்டு, கதவைத் திருத்திக் கொடுத்திருக்கிறது. அந்தத் தெருக்களிலிருந்து குழுக்களுக்குப் போனவர்கள் மிகக் குறைவு. பொலிஸுக்குத் தகவல்கூட வருகிறது. ஆக, உறுதியான தகவல் இருந்தால் மட்டும் போவது, வீடு பிழையானால் மறுநாள் திரும்பிப் போவது. ஓடவிட்ட எல்லா வழிகளிலும் இதுதான் முன்னுக்கு நிற்கிறது.

17 ஜூன், பெர்லின்

அமைச்சு அதிகாரி சிரித்தார். "மன்னிப்புக் கேட்பதையா பயங்கரவாத எதிர்ப்பு என்கிறீர்கள்?"

"ஓம்." தமிழிலேயே வாயில் வந்துவிட்டது! பிறகு ஜெர்மனில் சொல்லி, வரைபடத்தைக் காட்டினேன். அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடலாமே என்றார்கள். முடியாது என்றேன். பக்கத்தில் இருந்த சாரும் சொன்னார், அது இல்லாவிட்டால் அறிக்கையில் தன் பெயர் இருக்காதென்று.

ரயிலில் கேட்டேன், ஏன் சார்?

"டேட்டா கொண்டாந்துட்டியேம்மா."

22 செப்டம்பர்

இரண்டு நகரங்களில் ஒரு வருடப் பரீட்சார்த்தம். இரண்டே இரண்டு. பரவாயில்லை, தொடங்கட்டும். அபிராமின் நகரமும் அதில் ஒன்று.

13 நவம்பர்

அபிராம் போன் எடுத்தான். நேற்று ஒரு வயதானவரின் கதவைப் பிழையாக உடைத்தார்களாம். இன்று பூட்டு வேலைக்காரருடன் இவனை அனுப்பியிருக்கிறார்கள்.

"மன்னிப்புக் கேட்டன். மனிசன் புதுப் பூட்டின்ர திறப்பை வாங்கிப்போட்டு, உன்ர பேர் என்னெண்டு மட்டும் கேட்டார்."

"சொன்னனியோ?"

"ஓம் அக்கா. முழுப்பேரும் எழுதிக் குடுத்திட்டு வந்தன்."