நெம்புகோலின் அடிப்பக்கம்

பரணிலிருந்து சாமான்களை இறக்கும்போது அது என் காலருகே விழுந்தது. ஒரு கை நீளமுள்ள இரும்புத் தண்டு. ஒரு முனையில் துளை. மறுமுனையில் பச்சைத் துணி இறுக்கிச் சுற்றியிருக்கிறது. துணியை மூக்கருகே கொண்டுபோனேன். சலவை சோடா. துரு. அவற்றுக்குக் கீழே, லேசாக, நீராவியில் வெந்த பருத்தியின் வாசனை.

உங்கள் பழைய சேலையின் கரை அது, சாச்சி.

தாராவியில் இந்த ஒற்றையறைக் கோலியைக் காலி செய்கிறோம். சுனாபட்டியில் வாடகைக்கு ஒரு வீடு. ஜன்னல் இருக்கிறது. பழைய இரும்பு எடுக்கும் பங்கார்க்காரர் தராசோடு வாசலில் நிற்கிறார். “லோஹா ஹை க்யா?” இரும்பு இருக்கிறதா என்று இரண்டாம் முறையாகக் கேட்கிறார். நான் தண்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மேல்பக்கம் அம்மாவின் விரல்கள் பிடித்த இடம். துணி வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். அடிப்பக்கம் உங்கள் உள்ளங்கைகள் தாங்கிய இடம். அங்கே துணி நூல்நூலாகப் பிய்ந்து இரும்பு தெரிகிறது.

இத்தனை வருடம் எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. இன்றுதான் திருப்பினேன்.

எங்கள் சந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நீங்கள் சாச்சி. உறவில்லாவிட்டாலும் அம்மாவுக்கு அக்கா. இருவருக்கும் ஒரே சலவைப் பட்டறையில் வேலை. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். அவற்றை வேகவைக்க ஆளுயரத் தொட்டி. பின்கட்டில் கொதிகலன். அங்கிருந்து வரும் நீராவியைத் தொட்டிக்குள் விடும் வால்வு சுவரில். அதைத் திறக்கும் நெம்புகோல்தான் இந்தத் தண்டு. பட்டறையில் இதைத் தண்டா என்பார்கள்.

முரட்டுத் தண்டா. உள்ளே நீராவி வால்வின் மூடியை அழுத்திக்கொண்டிருக்கும். உடம்பின் எடையை எல்லாம் போட்டு இழுத்தால்தான் மூடி அசையும். அசைந்த அந்த நொடியில் எதிர்ப்பு முழுவதும் போய்விடும். தண்டா சட்டென்று கீழே பாயும். வால்வு முழுதாகத் திறந்து, தொட்டியின் தண்ணீர் சீறி வெளியே தெறிக்கும். அதனால் இரண்டு பேர். அம்மா மேலிருந்து இழுப்பாள். நீங்கள் எதிரே நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் தண்டாவுக்கு அடியில் கொடுத்து, அது பாயாமல் தாங்குவீர்கள்.

இழுக்கும் முன் அம்மா சொல்வாள்: “எடுக்கேன் அக்கா.”

நீங்கள் சொல்வீர்கள்: “பிடிச்சிருக்கேன்.”

அந்தப் பதில் வராமல் அம்மா ஒருநாளும் இழுத்ததில்லை. பள்ளி விட்டு வந்து மூட்டைகள் மேல் உட்கார்ந்து படிக்கும்போது இந்த இரண்டு சொற்களும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இடையில் உங்கள் கேலியும்.

“ஏளா, மெதுவா இழு. ஒன் மாப்பிள்ளை சட்டையைப் பிடிச்சா இழுக்க?”

“அந்த மனுசன் வீட்டுல சட்டையே போட மாட்டாரே அக்கா. எதைப் பிடிக்க?”

சிரிப்பில் தண்டா ஆடும். “சிரிக்காத, சிரிக்காத, கை வழுக்குது” என்று நீங்கள்தான் அதிகம் சிரிப்பீர்கள்.

நான் மாட்டுங்காவில் பொறியியல் படிக்கப்போன பிறகு அம்மாவின் வலது தோள் இறுகிப்போனது. கையைத் தலைவரை தூக்க முடியவில்லை. காலையில் நான்தான் அவளுக்குத் தலை வாரிவிடுவேன். சீப்பு படும்போதெல்லாம் பல்லைக் கடிப்பாள். கடைசி ஆண்டில் செய்முறைத் திட்டம் ஒன்று செய்யவேண்டும் என்றார்கள். மற்றவர்கள் தலைப்பு தேடினார்கள். எனக்குத் தலைப்பு வீட்டிலேயே இருந்தது.

கல்லூரியிலிருந்து ஒரு சுருள்வில் தராசை எடுத்துவந்தேன். உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் அம்மாவின் பக்கம் கட்டி, அவள் இழுக்கும் பலத்தை அளந்தேன். பிறகு உங்கள் பக்கம். தண்டா பாயும் நொடியில் முள் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தேன்.

“எம்புட்டுக் காட்டுது?”

“அம்மாவைவிட ஒங்களுக்குத்தான் கூட, சாச்சி.”

“கேட்டியா ஏளா? நான்தான் பயில்வான்.”

குறித்துக்கொண்டேன். அம்மாவின் எண். உங்கள் எண். பெரிய எண் உங்களுடையது. அதைப் பார்த்த பிறகும் எனக்கு ஒரு கேள்வி தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

வழி எளிமையானதுதான். கனமான கதவை எப்படித் தள்ளுகிறோம்? முழங்கை மடங்கியிருந்தால் பலம் வராது. ஏறக்குறைய நீட்டிய கையால் தள்ளினால் நகர்வு கொஞ்சம், பலம் நிறைய. அதுபோல மடங்கி நீளும் ஒரு மூட்டு இரும்பில் செய்து, கைப்பிடிக்கும் வால்வுக்கும் நடுவில் வைத்தேன். வால்வு மூடியிருக்கும்போது அந்த மூட்டு நேராக நிற்கும். கைப்பிடியை நிறைய நகர்த்தினால் மூடி ஒரு மயிரிழைதான் விலகும், ஆனால் சிரமமில்லாமல் விலகும். அழுத்தம் குறைந்த பிறகு மூட்டு மடங்க மடங்க, வேகமாகத் திறக்கும். பாய்ச்சல் இல்லை. விட்ட இடத்தில் நிற்பதற்குப் பல் வெட்டிய ஒரு வளைவுத் தகடு.

அந்தத் தகட்டை எங்கே பொருத்தினேன் தெரியுமா? உங்கள் உள்ளங்கைகள் இருந்த இடத்தில்.

மாஹிமில் ஒரு லேத் பட்டறையில் செய்து வாங்கினேன். கொதிகலனைக் கழுவ நிறுத்திய நாளில் பொருத்தினோம். மறுநாள் மதியம் நீராவி ஏறியதும் எல்லாரும் கூடிவிட்டார்கள். முதலாளிகூட மேசையை விட்டு எழுந்து வந்தார்.

அம்மா கைப்பிடியைத் தொட்டாள். பழக்கம். “எடுக்கேன் அக்கா.”

நீங்களும் எதிரே போய் நின்றிருந்தீர்கள். பழக்கம்தான். “பிடிச்சிருக்கேன்.”

பிடிக்க ஒன்றுமில்லை.

கைப்பிடி தானாக வருவதுபோல் வந்தது. சீறல் இல்லை, ஒரு நீண்ட மூச்சு மட்டும். தொட்டியின் அடியில் தண்ணீர் மெல்லப் புரண்டது. அம்மா என்னைப் பார்த்தாள். இடது கையால் ஒருமுறை செய்துபார்த்தாள். பிறகு இரண்டு விரலால்.

“ஏக்தம் மக்கன்! வெண்ணெய்தான்!” என்று முதலில் கத்தியது நீங்கள். அப்புறம் அதே குரலில், “அப்போ எனக்கு இங்கே என்னளா சோலி?”

எல்லாரும் சிரித்தோம். நான் அதிகமாகச் சிரித்தேன். உங்கள் கைகள் அப்போதும் அதே இடத்தில் நின்றன. உள்ளங்கைகள் மேலே பார்க்க, துஆ கேட்பவரைப்போல. எங்கே வைப்பது என்று அவற்றுக்குத் தெரியவில்லை.

சொன்னது வேடிக்கை இல்லை என்று அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

கல்லூரியில் இரண்டு படங்களைத் திரையில் காட்டினேன். பழைய அமைப்பு, புதிய அமைப்பு. முதல் படத்தில் இரண்டு அம்புக்குறிகள். கீழ்நோக்கியது அம்மா. மேல்நோக்கியது நீங்கள். இரண்டாவது படத்தில் ஒரே அம்பு. பேராசிரியர் படத்தருகே போய் மற்ற மாணவர்களிடம் சொன்னார்: “இதுதான் நல்ல வடிவமைப்பு. தேவையில்லாததை நீக்குவது.”

கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் மகிழ்ச்சி.

முதலாளி கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் கதை எனக்குச் சாதகமாகிவிடும். உங்களை ஒரே நாளில் அனுப்பவில்லை. துணி மடிக்கும் மேசைக்கு மாற்றினார். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது. மூட்டை குறைவான நாட்களில், “இன்னைக்கு சுட்டி எடுத்துக்கோங்க” என்று லீவு கொடுத்தார். அம்மா அவரிடம் பேசிப்பார்த்தாள். “ஒரு விரலு இழுக்கிற தண்டாவுக்கு ரெண்டு ஆளு எதுக்கும்மா? ஒம் பொண்ணு செஞ்சதுதானே?” என்றாராம். என் பெயரைச் சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் நீங்கள் சீத்தா கேம்ப்பில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் போனபோது, பட்டறையில் கழற்றிப்போட்டிருந்த பழைய தண்டாவை அம்மா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் தானே தலை வாரிக்கொண்டிருந்தவள், கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்: “தோள் வலி போயிட்டு. பேச்சுத் துணையும் போயிட்டு.”

என்னைக் குறை சொல்லவில்லை. அவள் கை தலைக்கு மேலே நன்றாக உயர்ந்திருந்தது.

வேலை கிடைத்ததும் உங்களைப் பார்க்க வந்தேன். செம்பூரில் ஒரு வடிவமைப்பு அலுவலகம். கையில் இனிப்புப் பெட்டி. நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, தைத்துவந்த சட்டைகளில் தொங்கும் நூல்களை வெட்டிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் உள்ளே பார்த்து உரக்கச் சொன்னீர்கள்:

“ஏ, டீ போடுளா! என்னைய வேலைய விட்டுத் தூக்குன இன்ஜினியரு வந்திருக்கா!”

உங்கள் தங்கை வெளியே வந்து சிரித்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அவர்களிடம் நீங்கள் அந்தத் தண்டாவைப் பற்றிக் கதை சொன்னீர்கள். எப்படிப் பாயும், புதியது எப்படி வெண்ணெயாக வரும், நீங்கள் தராசைப் பிடித்துக்கொண்டது, முதலாளி வாயைப் பிளந்தது. பெருமையாகத்தான் சொன்னீர்கள். பெருமையும் பொய் இல்லை, கேலியும் பொய் இல்லை.

அவர்கள் போன பிறகு கேட்டீர்கள். “ஒங்கம்மைக்குத் தோளு எப்படி இருக்கு?”

“இப்போ வலி இல்லை சாச்சி.”

“நல்லது.” கத்தரி ஒரு நூலை வெட்டியது. இன்னொன்றை. “எனக்கும் வலிச்சுக்கிட்டுத்தான்ட்டி கெடந்துது. ரெண்டு தோளும். நீ கேக்கவே இல்லையே.”

கோபம் இல்லை. தண்ணீர் வரவில்லை, மின்சாரம் போய்விட்டது என்பதுபோல ஒரு தகவல். “டீ ஆறுது, குடி” என்றீர்கள்.

குடித்தேன். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். நீங்கள் அடுத்த சட்டையை எடுத்து உதறினீர்கள். “அடுத்த தடவை அம்மையைக் கூட்டிட்டு வா. அவகூட சண்டை போட்டு ரொம்ப நாளாச்சு.” சரி என்றேன். வேலை, மழை, ரயில், இன்னொரு ஞாயிறு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் வந்தபோது நீங்கள் சண்டை போடும் நிலையில் இல்லை. வெள்ளைத் துணிக்குள் முகத்தை மட்டும் காட்டினார்கள். அம்மா முகத்தைப் பார்த்து அழுதாள். நான் உங்கள் கைகளைப் பார்க்க வந்திருந்தேன். அவை துணிக்குள் இருந்தன.

அந்த நெம்புகோலைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, சாச்சி. அம்மாவின் கை இன்று உயர்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு, தவறு செய்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? உங்கள் கத்தரியை நினைத்துக்கொண்டு, சரியாகத்தான் செய்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் இன்னொரு வழி இருந்தது. அந்த இரும்பு மூட்டு அப்படியே இருக்க, கைப்பிடியை மட்டும் இரண்டாக்கியிருக்கலாம். எதிரெதிரே இரண்டு பேர், ஆளுக்குப் பாதி. இரண்டும் சேர்ந்து நகர்ந்தால்தான் வால்வு திறக்கும். யாருக்கும் தோள் வலிக்காது. கொதிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் தனியாக நிற்க வேண்டியிருக்காது. சென்ற வாரம் அலுவலகம் போகும் பேருந்தில், சயான் நெரிசலில், மனதுக்குள் முழுதாக வரைந்து முடித்தேன். கடினமே இல்லை. அன்றைக்கே வரைந்திருக்க முடியும். எந்தப் பேராசிரியரும் அதற்குக் கைதட்டியிருக்க மாட்டார். முதலாளி ஒத்துக்கொண்டிருப்பாரா, தெரியாது. கேட்டுப் பார்த்திருக்கலாம். அன்று நான் அளந்தது இரண்டு பேரை, நினைத்தது ஒருவரை.

இப்போது அலுவலகத்தில் யாராவது ஒரு படத்தைக் காட்டி, இதில் ஓர் ஆள் மிச்சம் என்று சொன்னால், பழைய படத்தைக் கேட்டு வாங்குகிறேன். நீக்கிய அம்புக்குறி எங்கே இருந்தது என்று பார்க்கிறேன். அங்கே நிற்பது யார், அவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கிறேன். “மேடம் டாக்டரா, இன்ஜினியரா?” என்று சிரிக்கிறார்கள். பெரும்பாலும் படம் மாறுவதில்லை.

பங்கார்க்காரரிடம் இரும்பு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளே அம்மா இந்த வீட்டின் கடைசிச் சோற்றை வடிக்கிறாள். குக்கர் ஏற்கெனவே மூட்டையில் போய்விட்டது. கனமான பானை. துணியால் இருபக்கமும் பிடித்துச் சரிக்கும் முன், எதிர்ச் சுவரைப் பார்த்து மெதுவாகச் சொல்கிறாள்: “எடுக்கேன்.”

கொஞ்சம் நிற்கிறாள். பிறகுதான் சரிக்கிறாள்.

நீங்கள் பட்டறையை விட்டுப் போன நாளிலிருந்து இப்படித்தான். ஒருமுறை நான் அறையிலிருந்து “பிடிச்சிருக்கேன்” என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

“நீ சொல்லாதட்டி. அது அக்கா சொல்லணும்.”

அதன்பிறகு நான் சொல்வதில்லை. அவள் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம் வரும்போதெல்லாம், செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, நானும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.