ரெஜினாவின் பங்கு

17 ஆகஸ்ட் 1982, செவ்வாய்

காலையில் மகன் வின்சென்டுடன் அவனுடைய வக்கீலைப் பார்க்கப் போனேன். விவாகரத்துக்குப் பின் வீட்டில் மருமகள் ரெஜினாவுக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் பேச்சு.

"வீடு வாங்கிய பிறகு அவர் சம்பாதித்தாரா?" என்று வக்கீல் கேட்டார்.

"ஒரு காசுகூட இல்லை" என்றேன்.

என் கண் மங்கியபோது, ஆசிரியை வேலையை விடச் சொல்லி அவளை வீட்டில் உட்கார வைத்தவள் நான். அதைச் சொல்லவில்லை. பாதி உண்மையும் பொய்தான் என்று கான்வென்டில் படித்தவள் நான்.

மாலையில் ரெஜினா இப்போது தங்கியிருக்கும் தன் அக்கா வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்தாள், வழக்கம்போல் எனக்குக் கண்மருந்து விட.

"மேல பாருங்க அத்தை. சிமிட்டாதீங்க."

"உனக்கு ஏன் இந்த அலைச்சல்?"

"உங்க மகனைக் கண்ணுல விடச் சொன்னா மூக்குல விடுவாரு லா."

சிரித்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், மருந்து ஊறட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, வக்கீலிடம் சொன்னதையே சத்தியம் செய்து எழுதித் தர வேண்டுமாம். முடியாது என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் வின்சென்ட் என்னோடு பேசுவானா, தெரியவில்லை. எனக்கு அவன் ஒருவன்தான்.

பக்கத்தில் வின்சென்டின் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. கதவைத் தட்டினால் போதும்.