ஊற்றடி மூன்று மரங்கள்

அத்தம்புவா
12 ஆகஸ்ட் 1916

அன்புள்ள அக்கா லுருக்குக்கு,

நலம். வழக்கம்போல் ஒரு பாக்கு வைத்திருக்கிறேன். பிளந்து பாதியை மென்றுகொண்டே படி, மறுபாதியைப் பதிலோடு அனுப்பு.

செய்தி கசப்பானது. நவம்பர் முதல், இதுவரை டச்சுக்காரர் கையிலிருந்த நம் ஊர் மௌகதார் போர்த்துக்கீசருக்கு. பதிலுக்கு அவர்களுடைய நோய்முத்தி டச்சுக்காரருக்கு. கோழி மாற்றுவதுபோல் மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை மொழிபெயர்த்தவன் நான்தான்.

பயப்படாதே. எல்லைக்கு இந்தப் பக்கம், டச்சுப் பகுதியில், நம் நாற்பது வீட்டுக்கும் நிலம் அளந்து வைத்துவிட்டேன். கிளம்புமுன் தோட்டங்களை வெட்டிச் சாயுங்கள். வருகிறவனுக்கு ஒரு தேங்காய்கூட மிஞ்சக் கூடாது. ஊற்றடியில் அம்மா நட்ட மூன்று பாக்குமரங்களை மட்டும் விட்டுவிடு. என் மனசு தாங்காது.

உன் தம்பி,
செரான்

மௌகதார்
20 அக்டோபர் 1916

என் தம்பிக்கு,

பாதிப் பாக்கு இதோ.

ஊரைக் கூட்டி உன் கடிதத்தை வாசித்தேன். நஹாக் மாமா எகிறினார். "ஒன் தம்பி வெள்ளைக்காரன் சோத்தத் தின்னுட்டு ஆயிரம் சொல்லுவான். தென்னைய வெட்டிட்டு நாம மண்ணத் திங்கறதா?" நம் முன்னோரின் புனித வீட்டுக் கல்லில் கைவைத்து உனக்காகச் சத்தியம் செய்தேன். அப்புறம் அவரே முதல் வெட்டு வெட்டினார். வெட்டிவிட்டு அடிமரத்தில் உட்கார்ந்து அழுதார்.

இப்போது எங்கும் நிழலில்லை. மாமா ஊற்றடி மரங்களைப் பார்த்து, "ஒங்க வீட்டு மரம் மட்டும் சாமி மரமாக்கும்?" என்றார். வெட்கமாக இருந்தது. கத்தியை ஓங்கினேன், உன்னை நினைத்துக் கீழே வைத்துவிட்டேன்.

அக்கா

எல்லை முகாம்
9 டிசம்பர் 1916

தம்பி,

வந்து ஐந்து வாரமாகிறது. நீ அளந்த நிலம் எது? டச்சுக்காரர் கச்சேரியில் அப்படி எதுவும் பதிவில் இல்லை என்கிறார்கள். அத்தம்புவாவில் உன் வீடு பூட்டியிருக்கிறது. காய்ச்சலில் இரண்டு குழந்தைகள் போய்விட்டன. எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. ஒரு வரி எழுது.

அக்கா

மௌகதார்
2 பிப்ரவரி 1917

அன்புள்ள அக்கா,

கோபப்படாதே. போர்த்துக்கீசருக்கு இங்கே ஒரு தலைவன் தேவைப்பட்டான். ஆளில்லாத ஊருக்கு எவனோ வருவதைவிட நான் வருவது நல்லதில்லையா? இதை முன்பே பேசி முடித்திருந்தேன். உன்னிடம் சொல்லியிருந்தால் யாரும் கிளம்பியிருக்க மாட்டார்கள். தோட்டம் நின்றிருந்தால் எல்லோரும் திரும்பி வந்திருப்பார்கள்.

அம்மாவின் மரங்கள் காய்த்திருக்கின்றன. மரத்துக்கு ஒன்றாக மூன்று பாக்கு அனுப்புகிறேன். மற்றவர்களுக்கு இங்கே இடமில்லை. நீ மட்டும் வா.

உன் தம்பி,
செரான்

எல்லை முகாம்
25 பிப்ரவரி 1917

செரானுக்கு,

உன் கடிதத்தையும் ஊரைக் கூட்டித்தான் வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் நஹாக் மாமா, "திருப்பி வாசி" என்றார். திருப்பி வாசித்தேன். எனக்கு நாக்கு எரிந்தது.

உனக்காகக் கல்லில் வைத்த கை இது. நாற்பது வீட்டுத் தோட்டத்தை உன் பேச்சால் நான் அழித்தேன். உன் மரங்களை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தேன். பாசம் என்று நினைத்தேனே, பாவி!

அன்றிலிருந்து மாமா என்னோடு பேசுவதில்லை. ஆனால் மலைச்சரிவில் சோளம் ஊன்றும்போது கடைசியில் எனக்கும் ஒரு வரிசை விட்டிருக்கிறார். அதில் களை எடுக்கப் போகவேண்டும்.

மூன்று பாக்கும் திரும்பி வருகின்றன. எண்ணிப் பார்த்துக்கொள். ஒன்றைக்கூட நான் பிளக்கவில்லை.

லுருக்